ஒரே பெஞ்சு, ஒரே கிளாஸ்

நடுவர் அவர்களே! முல்லைப் பெரியாறு பாய்கிற சின்னமனூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

தமிழ்ப் படத்து ஓட்டலும் டீக்கடையும் காட்டுவது பசியையா, சமத்துவத்தையா? எதிரணி நண்பர் பசி என்றார். ஐயா, பசிக்குச் சத்திரத்துச் சோறு போதுமே! ஓட்டல் எதுக்கு? காசு கொடுத்தவன் எவனா இருந்தாலும் பக்கத்துல உட்காரலாம், அதுதானே ஓட்டல்! (கைதட்டல்)

அந்த உரிமை சும்மா வந்துச்சா? 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் பாருங்கள். கடை, ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் எதிலும் சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது. ஓட்டலையும் சினிமாக் கொட்டகையையும் சட்டமே ஒரு பந்தியில் உட்கார வைத்துவிட்டது! அதற்கப்புறமும், ஓட்டல் பலகையில் சாதிப் பெயர் கூடாதென்று 1957-இல் பெரியார் சென்னையில் போராட வேண்டியிருந்தது.

ஏழு வருஷம் கழித்து, 1964-இல் வந்தது 'சர்வர் சுந்தரம்'. கதை கே.பாலசந்தர், இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. அதற்கு முன்பே 1936-இல், 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் சாப்ளின் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற கூட்டத்துக்குள் மாட்டித் தவித்தார். உலகமே சிரித்தது. நம்ம நாகேஷ் டம்ளர்களை அடுக்கித் தூக்கி வந்தார். நாமும் சிரித்தோம். ஆனா சிரிச்சு முடிச்சதும் ஒன்று உறைத்தது. நாம 'ஏய், தண்ணி கொண்டா' என்று அதட்டுகிறோமே, அந்த ஆளுக்கும் ஒரு தாய் உண்டு, ஒரு காதல் உண்டு! சுந்தரம் பெரிய நடிகன் ஆகிறான். அம்மா போன பிறகு புகழை உதறிவிட்டு, மறுபடியும் சர்வர் வேலைக்கே வருகிறான். அந்தத் தொழில் கேவலம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

'டீக்கடையில இரட்டைக் குவளை இருந்துச்சே, அதைப் படம் காட்டுச்சா?' என்று நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்ம பக்கம் விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்களுக்கு முதல் டீ கடைப் பெஞ்சில்தான். ஆனால் சினிமா அந்தப் பெஞ்சை ரொம்பக் காலம் ஊர்வம்புக்கும் காமெடிக்குமே வைத்துக்கொண்டது. யாருக்குக் கண்ணாடி கிளாஸ், யாருக்குத் தனிக்குவளை என்று கேமரா அதிகம் திரும்பவில்லை.

திரும்பியது. 2018-இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. கடைசிக் காட்சியில் ஆள் இல்லை, வசனம் இல்லை. இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. அவ்வளவுதான். பசியைக் காட்ட ஒரு கிளாஸ் போதும் ஐயா. சமத்துவத்தைக் காட்டத்தான் இரண்டு கிளாஸ் வேணும்! (பலத்த கைதட்டல்)

சட்டம் 1950-இல் சொன்னதைச் சொல்லிக் காட்ட, திரைக்கு 68 வருஷம் ஆகியிருக்கிறது. ஆகவே, சமத்துவமே என்று தீர்ப்பளியுங்கள். தீர்ப்புச் சொல்லிவிட்டு வாங்க, எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம்.