கதிரவனைக் காணச் சென்ற கண்கள்

உரோமை நகரிலுள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்திற்குக் குவிமாடம் கிடையாது. கட்டத் திட்டமிட்டார்கள்; அதைத் தாங்கப் பெருந்தூண்களையும் எழுப்பினார்கள்; குவிமாடம் மட்டும் எழவில்லை. உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்போருக்குத் தெரிவது, அந்திரேயா பொஸ்ஸோ என்ற இயேசு சபைச் சகோதரர் தட்டையான துணியில் தீட்டிய ஓவியக் குவிமாடமே. பயனற்று நின்ற அத்தூண்களின்மேல், 1850களின் தொடக்கத்தில், ஆஞ்செலோ செக்கி என்ற இயேசு சபைக் குரு ஒரு வானாய்வுக்கூடத்தை அமைத்தார். குவிமாடத்தின் பாரத்திற்காக எழுந்த தூண்கள், தொலைநோக்கியை அசையாமல் தாங்குவதற்கு மிகப் பொருத்தமாக இருந்தன.

செக்கி அடிகளாரின் பெருவிருப்பங்களுள் ஒன்று சூரியன். முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலவின் விளிம்பில் செந்நிறத் தீநாக்குகள் தோன்றுவதுண்டு. அவை நிலவைச் சேர்ந்தவையா, சூரியனைச் சேர்ந்தவையா, வெறும் கண்மயக்கா என்ற வழக்கு நெடுங்காலம் தீராதிருந்தது. 1860 ஜூலை 18 அன்று ஸ்பெயின் நாட்டில் கிரகணம் தெரிந்தபோது, அடிகளார் ஓரிடத்திலிருந்தும் ஆங்கிலேயரான வாரன் டி லா ரூ வேறோரிடத்திலிருந்தும் நிழற்படம் எடுத்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது ஐயம் நீங்கியது: தீநாக்குகள் சூரியனுடையவையே.

ஆயினும் கிரகணம் தரும் சில நிமிடங்களை நம்பி எத்தனை காலம் காத்திருப்பது? மேலும், சூரியனின் புறஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் நமது காற்று மண்டலம் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அந்தத் தடை உயிர்களுக்குக் காவல், ஆய்வாளருக்கோ திரை. திரைக்கு மேலே கண்ணை அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அனுப்பிய கண்கள் பல. அவற்றுள், 1973இல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் நிலையத்தில் சூரியனுக்கென்றே தொலைநோக்கிகள் இருந்தன. சூரியனைச் சூழ்ந்த மகுடத்தில் ஆங்காங்கே இருண்ட வெளிகள் இருப்பதையும், வேகமிக்க சூரியக் காற்று அவற்றினூடே புறப்படுவதையும் அந்தப் படங்களால் அறிந்தோம். 1979 ஜூலையில் அது எங்கே விழுமோ என்று நம் நாட்டிலும் பலர் அஞ்சியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது விழுந்தது மேற்கு ஆஸ்திரேலியாவில். எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே அதை இறக்கியதும் சூரியன்தான்: சூரியனின் சீற்றம் மிகும்போது மேல்காற்று சூடேறிப் பருத்து, தாழப் பறக்கும் கலங்களை இழுத்துத் தளர்த்திவிடும்.

1980 பிப்ரவரியில் ஏவப்பட்ட சோலார் மேக்ஸ் கலம் அதே ஆண்டின் இறுதியில் திசை நிலைப்பாட்டை இழந்தது. மின்னுருகிகள் பழுதுபட்டதே காரணம். 1984 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் அதைப் பிடிக்க முயன்றனர். பிடிக்கும் கருவி பொருந்தவில்லை. வரைபடத்தில் காட்டப்படாத சிறு முளை ஒன்று கலத்தின்மேல் துருத்தி நின்றது! இரு நாட்களுக்குப் பின் எந்திரக் கையால் பற்றிப் பழுது நீக்கினர். சூரியன் தரும் மொத்த ஒளி மாறாத அளவினதன்று, பெரும்புள்ளிகள் கடந்து செல்லும்போது சற்றுக் குறைகிறது என்பதை ஐயமற அளந்து காட்டியது இக்கலம். 1989 டிசம்பரில் இதுவும் வீழ்ந்தது.

பி78-1 என்ற கலத்தின் முடிவை நினைக்கும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது. அதிலிருந்த கருவி சூரியனின் மகுடத்தைப் படமெடுத்து வந்ததோடு, சூரியனை நோக்கிப் பாய்ந்து மடியும் வால்மீன்கள் பலவற்றையும் கண்டுபிடித்தது. கலம் முதுமையடைந்திருந்தாலும் பணி செய்துகொண்டுதான் இருந்தது. 1985 செப்டம்பர் 13 அன்று அமெரிக்க விமானப் படை தன் புதிய ஏவுகணையைச் சோதிப்பதற்கு அதையே இலக்காக்கிச் சிதறடித்தது. பார்த்துக்கொண்டிருந்த கண்ணைக் குத்தியதற்கு ஒப்பாக வேறெதைச் சொல்வது?

இனி சோஹோவின் கதைக்கு வருவோம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் கூடிச் செய்த இக்கலம் 1995 டிசம்பர் 2 அன்று புறப்பட்டது. பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், பூமியோடு இசைந்தே ஒரு கலம் சூரியனைச் சுற்றிவரக்கூடிய இடம் ஒன்றுண்டு. அங்கே இரவில்லை, பூமி குறுக்கே வந்து மறைப்பதுமில்லை. (நம் நாட்டின் ஆதித்யா எல்-1 கலம் 2024 ஜனவரி 6 அன்று சென்று சேர்ந்ததும் இங்கேதான். அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர்.) சோஹோ பன்னிரு கருவிகளோடு அங்கிருந்து இமையாமல் நோக்கியது. 1996இல் நிகழ்ந்த ஒரு சுடர்வெடிப்பின் அதிர்வு, குளத்தில் கல்லெறிந்தாற்போல் சூரியனின் மேற்பரப்பில் வட்டவட்டமாகப் பரவியதை அதன் பதிவுகளில் கண்டார்கள். சூரியனிலும் நடுக்கமுண்டு என்ற அந்தச் செய்தி 1998 மே மாத இறுதியில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

ஒரு மாதம் முடியுமுன் சோஹோ காணாமற்போயிற்று.

கலம் எத்திசையில் எவ்வளவு திரும்புகிறது என்று உணர்த்துபவை ஜைராஸ்கோப்புகள் என்னும் சுழல்கருவிகள். சோஹோவில் மூன்று இருந்தன. தேய்வைக் குறைக்கும் நல்ல நோக்கத்தோடு, அவற்றை இயக்கும் கட்டளைத் தொடரைச் சுருக்கித் திருத்தியிருந்தனர். திருத்தத்தில் இரு பிழைகள் நுழைந்தன. ஒரு சுழல்கருவி ஓயவைக்கப்பட்ட பின், மீண்டும் சுழலச் செய்யும் கட்டளை விடுபட்டது. மற்றொன்று, உள்ளதை இருபது மடங்காக்கிக் காட்டும் நிலையில் விடப்பட்டது. அதனால் கலம் தானே அபாய நிலைக்குச் சென்றது. இரண்டாவது பிழையைக் கண்டு திருத்தினர். முதலாவது யார் கண்ணிலும் படவில்லை. ஓய்ந்து கிடந்த கருவி, ‘திருப்பமே இல்லை’ என்றது. சுழன்றுகொண்டிருந்த கருவியோ, ‘கலம் உருள்கிறது’ என்று மெய்யைச் சொன்னது. இரு சாட்சியங்களும் முரண்பட்டபோது, தரையிலிருந்தோர் விழித்திருந்த சாட்சியை வெளியேற்றிவிட்டு, உறங்கிய சாட்சியை நம்பினர். 1998 ஜூன் 25 அன்று தொடர்பு அறுந்தது. கலத்தின் மேல் குற்றமில்லை, இயக்கியோரின் பிழைகளே காரணம் என்று இரு நிறுவனங்களும் அமைத்த விசாரணைக் குழு செப்டம்பரில் ஒளிவுமறைவின்றி அறிவித்தது. நின்று நிதானித்து ஆராய நேரமிருந்தது என்பதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது.

சூரியனைப் பார்க்கவென்றே பிறந்த கலம், தன் சூரியத் தகடுகளின் விளிம்பு மட்டுமே சூரியனுக்குத் தெரியும்படி திரும்பிக் கிடந்தது. ஒளியின் நடுவிலேயே மின்சாரமின்றி உறைந்தது. ஆயினும் ஒரு நம்பிக்கை இருந்தது. பம்பரம்போல் சுழலும் பொருளின் அச்சு திசைமாறாது. கலமோ பூமியுடன் சூரியனைச் சுற்றுகிறது. ஆகவே வாரங்கள் செல்லச்செல்ல, யாரும் தொடாமலே, தகடுகளின்மேல் சிறிது சிறிதாக வெயில் விழும் என்று கணக்கிட்டனர்.

ஜூலை 23 அன்று, போர்ட்டோ ரிக்கோவிலிருந்த அரசிபோவின் 305 மீட்டர் வானொலித் தொலைநோக்கி (2020இல் இடிந்து விழுந்தது இதுவே) விண்ணில் அலைகளைச் செலுத்தியது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலுள்ள 70 மீட்டர் வாங்கி எதிரொலியைப் பிடித்தது. கலம் இருக்க வேண்டிய இடத்திலேயே, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு சுற்றாக மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ஆகஸ்ட் 3 அன்று அதனிடமிருந்தே சில நொடிகள் நீடித்த துடிப்பு வந்தது. செய்தி ஏதுமில்லை, உயிருண்டு என்ற அடையாளம் மட்டும். மின்கலங்களுக்குச் சிறுகச் சிறுக மின்னேற்றி, கலம் தன் நிலையைத் தானே தெரிவிக்கும்படி செய்தனர். அதன் எரிபொருளான ஹைட்ரசின் உறைந்திருந்தது. மின்சாரம் போதாமையால், மின்னேற்றுவது, உருக்குவது, மீண்டும் மின்னேற்றுவது என்று தொட்டியையும் குழாய்களையும் இளக்குவதிலேயே வாரங்கள் கழிந்தன. செப்டம்பர் 16 அன்று சோஹோ மீண்டும் சூரியனை நோக்கித் திரும்பியது. கடுங்குளிரிலும் கொடும் வெப்பத்திலும் வாடிய பன்னிரு கருவிகளும் பிழைத்திருந்தன.

இடர் அத்துடன் தீரவில்லை. குளிரில் இரு சுழல்கருவிகள் அழிந்திருந்தன. எஞ்சிய ஒன்றும் டிசம்பர் 21 அன்று நின்றது. கலம் எரிபொருளைக் கொட்டியே திசையைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பொறியாளர்கள் இரவுபகலாக உழைத்து, சுழல்கருவியே இல்லாமல் இயங்கும் முறையை எழுதி, 1999 பிப்ரவரியில் அதைக் கலத்திற்கு ஏற்றினர். ஐரோப்பாவின் கலங்களில் அவ்வாறு இயங்கியது இதுவே முதல்.

மீண்ட கண் கண்டவை ஏராளம். 2003 அக்டோபர் இறுதியில் சூரியன் அடுத்தடுத்துச் சீறியபோது, பூமியை நோக்கிப் புறப்பட்ட மின்துகள் மேகங்களை முதலில் காட்டியது சோஹோவே. அவற்றுள் ஒன்று ஒரு நாளுக்குள் பூமியை அடைந்தது. சுவீடனின் மால்மோ நகரில் மின்சாரம் நின்றது. 2024 மார்ச்சில், சோஹோவின் படங்களில் கண்டுபிடித்த வால்மீன்களின் எண்ணிக்கை 5000ஐ எட்டியது. அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள், பல நாடுகளில் தம் வீட்டிலிருந்தே படங்களை ஆராயும் ஆர்வலர்கள்.

எல்லாத் தேடலும் இவ்வாறு முடிவதில்லை. 2006 அக்டோபரில் ஸ்டீரியோ என்ற இரட்டைக் கலங்கள் புறப்பட்டன. 1860இல் ஸ்பெயினில் செய்தது போலவே, ஈரிடத்திலிருந்து ஒரே சூரியனைப் பார்ப்பது அவற்றின் பணி. அவை சுமந்து சென்ற தொலைநோக்கித் தொகுதிக்குச் செக்கி என்றே பெயரிட்டிருந்தனர். 2011இல் இரண்டும் சூரியனின் எதிரெதிர்ப் புறங்களை அடைய, சூரியனை முழு உருண்டையாக ஒரே வேளையில் கண்டோம். 2014 அக்டோபர் 1 அன்று, சூரியனுக்குப் பின்னே மறையப்போகும் காலத்திற்காகச் செய்த ஒத்திகையின்போது, ஸ்டீரியோ-பி கலத்தின் குரல் அடங்கியது. இருபத்திரண்டு மாதங்கள் கழித்து, 2016 ஆகஸ்ட் 21 அன்று, மீண்டும் கேட்டது. சோஹோவை மீட்ட கதை நினைவில் இருந்ததால் பலரும் மகிழ்ந்தனர். சில வாரங்களில் அது மறுபடி மௌனமாயிற்று. 2018இல் தேடும் முயற்சியை நிறுத்தினர்.

ஸ்டீரியோ-ஏ கலம் தன் பயணத்தைத் தொடர்ந்தது. 2023 ஆகஸ்ட் 12 அன்று, புறப்பட்டு ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளுக்குப் பின், அது சூரியனுக்கும் பூமிக்கும் இடையே நம்மைக் கடந்து சென்றது, தனியாக.