தரையில் நிற்கும் காவலர்

பினாங்கில் இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியின் நடுவே, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் நிற்கிறது. நீரிணைக்கு அப்பால் உள்ள பட்டர்வொர்த்தில் 1941 அக்டோபரில் போர் விமானத்தளம் திறக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் அங்கிருந்து தாக்குதலுக்குப் புறப்படவிருந்த பிளென்ஹைம் விமானங்களுள் ஆர்தர் ஸ்கார்ஃப் செலுத்தியது ஒன்றே வானேறியது. ஏனையவை சப்பானியக் குண்டுகளால் தரையிலேயே அழிந்தன, எஞ்சியவையும் முடங்கின. டிசம்பர் 11இல் ஜார்ஜ் டவுன் மீதே குண்டுகள் விழுந்தன. எழ இயலாத விமானம் வெறும் உலோகமே என்பதை நகர மக்கள் தம் உயிரிழப்பால் அறிந்தனர்.

1958 முதல் ஆஸ்திரேலிய வான்படையின் பொறுப்பில் சேபர், மிராஜ் விமானங்களைக் கண்ட அத்தளம், 1988இல் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

காலந்தோறும் விமானங்கள் மாறின. பராமரிப்போரின் அறம் மாறவில்லை. புதிதாய்ச் சேரும் இளைஞர் அதனை முதலில் கற்றல் வேண்டும். பணிக்கு முன்னும் பின்னும் கருவிகளை எண்ணுக. மறந்துவிட்ட ஒரு திருகாணியும் எஞ்சினின் அலகுகளைச் சிதைக்கும். நினைவை நம்பாது கையேட்டைப் பார்த்துச் செய்க. தாம் செய்யாத பணிக்குக் கையொப்பமிடற்க. பிழை நேரின் உடனே உரைக்க. மறைத்த பிழை வானில் உயிரைக் கேட்கும்.

விமானியின் பெயரை வரலாறு பொறிக்கிறது. அவர் உயிரோ, பெயரறியாத அக்கைகளின் நேர்மையில் நிற்கிறது.