சுடரும் சில்லும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலே தர்மபுரம் அமைந்துள்ளது. 1990களில் அவ்வூரும் சுற்றுக் கிராமங்களும் மின்சாரமின்றி வாழ்ந்தன. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் மின்கலமும் அரும்பொருள்களாயின. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வன்னி மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலிலே திரியிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். அத்தகைய சிறு சுடரொன்றின் சூடே ஒரு சில்லைச் சுழற்றவல்லது என்பதை உலகம் அதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது. அவ்வறிவு ஏன் குடிசைவரை வந்து சேரவில்லை?

ஸ்கொட்லாந்தின் கில்மார்னொக்கில் மதகுருவாகப் பணியாற்றிய ரொபேட் ஸ்டேர்லிங் 1816இல் வெப்பக்காற்று எந்திரத்துக்கு உரிமம் கோரினார். எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதே அவ்வுரிமத்தின் முதல் நோக்கம். எந்திரத்தின் தத்துவம் எளியது. அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அது விரிந்து முசலத்தைத் தள்ளும். குளிர்வித்தால் சுருங்கி முசலம் மீள வழிவிடும். உருளையின் ஒரு முனையைச் சுடர் சூடாக்க, மறுமுனை குளிர்ந்திருக்கும். தளர்வாகப் பொருந்திய இன்னொரு முசலம் காற்றை இரு முனைகளுக்குமிடையே மாறி மாறி அனுப்பும். கனத்த சில்லு அவ்வியக்கத்தைத் தொடரச் செய்யும். வெடித்துத் தொழிலாளரைக் கொல்லும் கொதிகலன் இங்கே தேவையில்லை. விறகோ நிலக்கரியோ உமியோ, எரிவது எதுவாயினும் போதும்.

1818இல் இவ்வகை எந்திரமொன்று எயர்ஷயர்க் கற்குழியொன்றில் நீரிறைத்தது. 1843இல் ரொபேட்டும் அவர் தம்பி ஜேம்ஸும் டண்டீ வார்ப்பாலையொன்றின் நீராவி எந்திரத்தைக் காற்றெந்திரமாக மாற்றினர். ஆனால் இடையறாத வெப்பத்தை அக்கால வார்ப்பிரும்பு தாங்கவில்லை. உருளைகள் பழுதடைய, சில ஆண்டுகளில் ஆலை மீண்டும் நீராவிக்கே திரும்பிற்று. தத்துவம் பிழைக்கவில்லை, உலோகமே பிழைத்தது. நல்ல உருக்கு மலிந்த காலத்திலோ மூலதனம் வேறு எந்திரங்களை நாடிச் சென்றுவிட்டது. பெற்றோலும் மின்சாரமும் ஆலைகளை ஆண்டன. ஸ்டேர்லிங்கின் படைப்பு, நியூரன்பேர்க் பொம்மைத் தொழிலாளரின் கைகளில், மதுசார விளக்கின் சுடரிலே சுழலும் விளையாட்டுப் பொருளாயிற்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதைக் கண்டு களித்தனர்.

1930களின் இறுதியில் ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் இவ்வெந்திரத்தை மீண்டும் கையிலெடுத்தது. மின்சாரமற்ற நாடுகளிலும் தனது வானொலிப் பெட்டிகள் விற்பனையாக வேண்டும் என்பதே அதன் கணக்கு. 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ நூற்றைம்பது மின்னாக்கப் பொறிகள் உருவாயின. செலவோ மிகுதி; குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வானொலிகளும் வந்துகொண்டிருந்தன. சந்தை இல்லையென்றதும் உற்பத்தி நின்றது. எஞ்சிய பொறிகள் பல கல்லூரிகளின் ஆய்வுகூடங்களை அடைந்தன. ஏழையின் இருள் மட்டும் அப்படியே இருந்தது.

வங்காளதேசத்தில் வேறொரு நோக்கம் செயற்பட்டது. 1980களின் முற்பகுதியில் டாக்காவிலே உமியை எரித்து இயங்கும் ஸ்டேர்லிங் எந்திரங்களைச் செய்து பார்த்தனர். நெல் குற்றும் ஆலையின் கழிவே அவ்வாலையை ஓட்ட வேண்டும் என்பது அம்முயற்சியின் உள்ளம். அது பெருவழக்காகவில்லை. எனினும் நெல் விளையும் நிலத்துக்கு ஏற்ற கேள்வியை அது எழுப்பிற்று. வன்னியும் நெல் விளையும் நிலமன்றோ?

வெப்பக்காற்று எந்திரம் வறுமை தீர்க்கும் மந்திரமன்று. சிறு சுடர் தருவது சிறு வலுவே. பெருவலு வேண்டின் நுட்பமான வேலைப்பாடும் நல்ல உலோகமும் பணமும் வேண்டும். ஆயினும் ஒரு கருவியின் வாழ்வையும் சாவையும் விஞ்ஞானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருடைய தேவைக்காக அது செய்யப்படுகிறது என்பதும் தீர்மானிக்கிறது. இதுவே அதன் வரலாறு நமக்குக் கூறும் பாடம்.

ஆசிரிய நண்பர்களே, கிராமப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இம்மாதிரி எந்திரம் ஒன்று சுழல வேண்டும். தகரப் பேணியும் கம்பியும் பொறுமையும் இருந்தால் மாணவரே அதைச் செய்துவிடலாம். டைனமோவைச் சுழற்றி உலகத்தைக் கேட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கைத்திறன் புதிதன்று. அத்திறனுக்குப் பின்னாலுள்ள விதியையும் அவர்கள் அறியட்டும். அறிந்தவன் அடுத்த கருவியைப் பிறர் தருமட்டும் காத்திருக்கமாட்டான்.