ஒரு ‘டு’ பிறந்த கதை

சாரல் காலத்தில் தென்காசி நாளிதழ்களில் இரண்டு தலைப்புகள் மாறி மாறி வரும். மலையில் மழை வலுத்தால் ‘ஐந்தருவியில் குளிக்கத் தடை’. வெள்ளம் தணிந்தால் ‘ஐந்தருவியில் குளிக்க அனுமதி’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘குளிக்க’ போதும். இதையே ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை தடுமாறும். அனுமதி என்றால் ‘பர்மிஷன் டு பேத்’. தடை என்று வந்ததும் ‘டு’ ஓடிவிடுகிறது. ‘பேன் ஆன் பேதிங்’ என்று எழுத வேண்டும். ஏன் என்று கேட்டால் “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்பதே வழக்கமான பதில். காரணம் உண்டு. ‘டு’ எங்கே பிறந்தது என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், குடிப்பதைச் சொல்ல இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று ‘ட்ரிங்கன்’. இன்னொன்று ‘டோ ட்ரிங்கென்னே’. முதலாவது வெறும் வினை. இரண்டாவதில் வினை பெயர்போல நின்று, கடைசியில் நான்காம் வேற்றுமை விகுதியை ஏற்றிருக்கிறது. முன்னால் நிற்கும் ‘டோ’, ஊருக்குப் போனேன், வீட்டுக்குப் போனேன் என்பதில் வரும் ‘கு’வைப் போலத் திசை காட்டும் சொல்தான். ‘குடிக்க’ என்பதும் ‘குடிப்பதற்கு’ என்பதும் தமிழில் எப்படி வேறோ, அப்படித்தான் அவையும் வேறு.

தொல்காப்பியர் வினையியலில் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது ‘செய’ என்பதையும் ‘செயற்கு’ என்பதையும் தனித்தனியாக வைக்கிறார். ‘செயற்கு’ என்பதன் கடைசியில் இருக்கும் ‘கு’ வேற்றுமை உருபு. அதே ‘கு’ நெல்லைப் பேச்சில் இன்றும் துலக்கமாகக் கேட்கும். “அண்ணாச்சி, அஞ்சருவிக்குக் குளிக்கதுக்கா போறிய?” முதல் ‘கு’ இடத்தைக் காட்டுகிறது, இரண்டாவது செயலைக் காட்டுகிறது. குளிப்பதும் ஒரு ஊர்போல, போய்ச் சேர வேண்டிய இடமாகிவிடுகிறது. ஆங்கிலக்காரரும் இந்தக் கேள்விக்குள் இரண்டு ‘டு’ வைப்பார்: ஒன்று ஐந்தருவிக்கு, ஒன்று குளிப்பதற்கு.

இது இரண்டு மொழிகளுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் இல்லை. வேத காலச் சம்ஸ்கிருதத்தில் ‘பாதவே’ என்றால் குடிப்பதற்கு. அதுவும் நான்காம் வேற்றுமையில் உறைந்த தொழிற்பெயர். ஜெர்மனில் ‘ட்சூ’, டச்சில் ‘தெ’ என்று ‘டு’வின் உடன்பிறப்புகள் வினைக்கு முன்னால் நிற்கின்றன. நோக்கத்தைச் சொல்லும் உருபு மெல்ல மெல்ல வெறும் வினை வடிவமாக மாறுவது உலக மொழிகள் பலவற்றிலும் காணும் பாதை என்று மொழியியலாளர் மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் 1989-ல் ஒரு கட்டுரையில் காட்டினார்.

ஆங்கிலம் அந்தப் பாதையில் வெகுதூரம் போனது. நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066-க்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் சொல்லின் வால்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. ‘என்னே’ ‘என்’ ஆனது, ‘எ’ ஆனது, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போனது. வெறும் வினையின் ‘அன்’ விகுதியும் உதிர்ந்தது. இரண்டு வடிவங்களுக்கும் இடையே மிஞ்சிய ஒரே அடையாளம் முன்னால் நின்ற ‘டு’. முன்பு ‘அவன் போகவேண்டும் என்று’ தனி வாக்கியமாகச் சொன்ன இடங்களிலும் அது நுழைந்தது. ‘டு’வின் பரவலுக்கு இந்த நுழைவே முக்கியக் காரணம் என்று 2005-ல் வந்த தம் நூலில் மொழியியலாளர் பெட்டலூ லோஸ் வாதிடுகிறார். எல்லா இடத்திலும் வரத் தொடங்கியதும் அதன் திசைப்பொருள் மங்கியது. எதற்காக என்பதை அழுத்திச் சொல்ல, மக்கள் அதன் முன்னால் ‘ஃபார்’ சேர்த்து ‘ஃபார் டு’ என்றார்கள். கவிஞர் சாசர் காலத்தில் அது நல்ல ஆங்கிலம். இன்று சில வட்டார வழக்குகளில் மட்டும் பிழைத்திருக்கிறது.

‘டு’ நுழைய முடியாமல் போன வீடுகளும் உண்டு. கேன், மே, மஸ்ட், ஷல், வில் ஆகிய துணைவினைகள் பழைய வெறும் வினையையே பிடித்துக்கொண்டன. அதனால்தான் ‘மஸ்ட் பேத்’ என்கிறோம், ‘மஸ்ட் டு பேத்’ என்பதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. குளிக்க வேண்டும், குளிக்க முடியும், குளிக்கக் கூடாது என்றுதான் நாமும் சொல்கிறோம். ‘குளிப்பதற்கு வேண்டும்’ என்று சொல்லும் வாய் கிடையாது.

இனிப் பெயர்ச்சொல்லுக்கு வருவோம். எந்தப் பெயர் ‘டு’வை ஏற்கும்? அனுமதி, முயற்சி, முடிவு, வாக்குறுதி, திட்டம், ஆசை. இவை எல்லாம் இன்னும் நடக்காத செயலை நோக்கி நிற்பவை. திசை அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. பழக்கமும் அனுபவமும் அப்படி இல்லை. ஏற்கெனவே நடந்ததை, நடந்துகொண்டிருப்பதை அவை பேசுகின்றன. ஆகவே அவற்றுக்கு ‘ஆஃப் பேதிங்’. தமிழும் இங்கே பிரித்தே வைக்கிறது: குளிக்க அனுமதி, குளிக்க முயற்சி, ஆனால் குளிக்கும் பழக்கம், குளித்த அனுபவம். பெயரெச்சம் கேட்கும் பெயருக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஆஃப்’ வரும்.

நம் காது ஏமாறும் இடம் ‘தடை’. குளிக்கத் தடை என்று தமிழ் தாராளமாகச் சொல்லும். ஆங்கிலத்துக்குத் தடை என்பது செயலை விட்டு விலக்குவது. ஆளைத் தடுக்கும் வினைகளான பேன், ப்ரிவென்ட், ப்ரொஹிபிட் மூன்றும் ‘ஃப்ரம்’ கேட்கின்றன. அது நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள். பெயராக நிற்கும்போது ‘பேன்’ ‘ஆன்’ எடுத்துக்கொள்கிறது. ‘ஃப்ரம்’, ‘ஆன்’ ஆகியவற்றை அடுத்து ‘டு பேத்’ வர முடியாததற்குக் காரணம் எளிது. ‘டு’ தானே ஒரு முன்னிடைச்சொல்லாகப் (ப்ரெபொசிஷன்) பிறந்தது; பழைய ‘ஃபார் டு’ போன்றவை தவிர, உருபின் மேல் உருபு பொதுவாக ஏறாது. ‘இங்’ விகுதி பழைய தொழிற்பெயரிலிருந்து வந்ததால் எந்த முன்னிடைச்சொல்லையும் அது தாங்கும். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை: ‘ஃபர்பிட்’ தடுத்தாலும் ‘டு’ எடுக்கும், ‘ரிஃப்யூசல்’ என்னும் மறுப்பும் எடுக்கும். திசை என்பது நல்ல வழிகாட்டி, சட்டம் கிடையாது.

இன்னொரு சிக்கல், பெயருக்குப் பின்னே தொங்கும் முன்னிடைச்சொல். அருவிக்கரையில் நாம் கேட்பது ‘துவட்ட ஒரு துண்டு’. துண்டால் துவட்டுகிறோம் என்பதைத் தமிழ் சொல்லாமலே விடும். ஆங்கிலம் விடாது: ‘எ டவல் டு ட்ரை வித்’. அந்த ‘வித்’ இல்லாவிட்டால், உலர்த்தப்பட வேண்டியது துண்டுதான் என்றாகிவிடும். இப்படி முன்னிடைச்சொல்லைக் கடைசியில் விடுவது கொச்சை என்ற கருத்துக்கு 1672-ல் கவிஞர் டிரைடன் வித்திட்டார். பென் ஜான்சனின் வாக்கியங்களில் அதைக் குறையாகக் காட்டினார். லத்தீனில் அப்படி எழுத முடியாது. ஆங்கிலத்துக்கோ அது பழைய காலத்திலிருந்தே சொந்த நடை. ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே வேறு சொல் வரக்கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த தடையும் இதே வகை. கேன்டர்பரி டீன் ஹென்றி ஆல்ஃபர்ட் 1864-ல் அப்படிச் சொல் நுழைப்பதைக் கண்டித்தார். எழுதுகிறவர்கள் அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பிருந்தே அப்படி எழுதிவந்தார்கள்.

எல்லா ‘டு’வும் வினையோடு ஒட்டிவிடவில்லை. ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இன்றும் திசை காட்டும் பழைய சொல். பின்னால் வெறும் பெயர் நிற்குமா என்று சோதித்தால் போதும். ‘லுக் ஃபார்வர்ட் டு த சீசன்’ என்று சொல்லலாம். ஆகவே குளியலுக்கும் ‘டு பேதிங்’ என்றே எழுத வேண்டும். ‘வான்ட் டு’வுக்குப் பின்னால் சீசனை வைத்துப் பாருங்கள், நிற்காது, அங்கே ‘டு பேத்’. விண்ணப்பக் கடிதத்தின் கடைசி வரியில் நம் பட்டதாரிகளில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.