புதுருவகல பாறைச் சிற்பங்கள்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், எல்லவிலிருந்து தெற்கே இறங்கும் வீதியில் வெல்லவாயாவுக்கு அப்பால் உள்ள மகாயான பௌத்தச் சிற்பத் தொகுதி. எல்லவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தோடு திரும்பிவிடும் பயணிகள் பலர் இதைக் காண்பதில்லை. காலம் கி.பி. 9-10ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்படுகிறது. ஒரே பாறை முகப்பில் ஏழு புடைப்புருவங்கள். நடுவே நிற்கும் புத்தர் சுமார் 51 அடி உயரம். சுதை பூசி வண்ணம் தீட்டப்பட்டவை இவை: புத்தரின் ஆடையில் செம்மஞ்சளும் போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் மேனியில் வெள்ளையும் இன்னும் தெரிகின்றன. அவலோகிதேசுவரரின் பக்கத்தில் இடை ஒசித்து நிற்கும் தாரையே தொகுதியின் அழகு. புத்தரின் மறுபுறத்தில் வச்சிரம் ஏந்தியவர் வச்சிரபாணி. தேரவாத நாடென்றே அறியப்பட்ட இலங்கையில் இத்தகைய சிற்பங்களின் பின்னணியை விளங்கிக்கொள்ள, செனரத் பரணவிதான 1928இல் எழுதிய மகாயான ஆய்வும் நந்தசேன முதியான்சேயின் 1967ஆம் ஆண்டு நூலும் உதவுகின்றன.