வெறுங்கப்பல்

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு போகிறவன் குரல் கேட்காத தெரு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இல்லை. உதவாக்கரைப் பிள்ளையைப் பார்த்து, "உன்னைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடவேண்டும்" என்று தாய்மார்கள் திட்டியதும் அந்த வியாபாரத்தை வைத்துத்தான். ஓட்டை வாணலியையும் காதறுந்த குடத்தையும் கொடுத்தால், பொட்டலத்தில் பிசுபிசுவென்று நாலு பழம் கிடைக்கும். வாணலி பட்டறைக்குப் போய் அரிவாளாகவோ தாழ்ப்பாளாகவோ மறு ஜன்மம் எடுக்கும்.

அந்தப் பழம் எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரித்ததில்லை. நம் ஊரில் விளைவது ஈச்சம்பழம். பேரீச்சை பாரசீக வளைகுடாப் பக்கத்துச் சரக்கு. பாஸ்ரா முதலிய துறைமுகங்களில் ஏற்றி, கடல் கடந்து, நம் கரையில் இறங்கி, கூடைக்காரன் தலையில் ஏறி நம் வாசலுக்கு வந்தது. தெருமுனையில் நடந்த அந்தச் சின்னப் பண்டமாற்றின் ஒரு நுனி நம் அடுப்பங்கரையிலும் மறு நுனி துறைமுகத்திலும் இருந்தது.

இப்போது பொருளாதார நிபுணர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று ஒரு விஷயத்தைப் பெரிதாகப் பேசுகிறார்கள். எடுப்பது, செய்வது, எறிவது என்று நேர்கோட்டில் ஓடும் வாழ்க்கையை விட்டு, எறிவதையே மறுபடி எடுத்துச் செய்யும் வட்டத்துக்கு உலகம் வரவேண்டும் என்கிறார்கள். அதில் துறைமுகங்களுக்குப் பெரும் பங்கு உண்டென்றும் சொல்கிறார்கள். நான் கதை எழுதுகிறவன். புள்ளிவிவரக் கணக்கில் அவர்களோடு போட்டி போட முடியாது. ஆனால் மீஞ்சூரைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து மைல் வட்டாரத்தின் சரித்திரத்தைப் புரட்டினால், இந்த விஷயத்தின் நல்லதும் கெட்டதும் ஒருங்கே கண்ணில் படுகின்றன.

மாலுமிகளிடம் ஒரு பழைய விதி உண்டு. வெறுங்கப்பல் ஓடாது. சரக்கு இல்லாத கப்பல் தண்ணீரில் உயரமாக மிதக்கும்; காற்றடித்தால் கவிழும். ஆகவே சரக்கு கிடைக்காவிட்டால் கல்லையோ மணலையோ செங்கல்லையோ அடித்தட்டில் ஏற்றுவார்கள். இதை அடிப்பாரம் என்று சொல்லலாம். போன இடத்தில் அதை இறக்கிவிட்டு, நல்ல சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். கெட்டிக்கார வியாபாரியாயிருந்தால் அடிப்பாரத்தையும் காசாக்கிவிடுவான்.

இந்தச் சாமர்த்தியத்தில் டச்சுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. மீஞ்சூருக்கு வடகிழக்கே உள்ள பழவேற்காட்டில் அவர்கள் 1613-ல் ஜெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையின் டச்சு வியாபாரம் அனைத்துக்கும் அதுவே தலைநகர். கீழ்த்திசைக்கு வரும் அவர்கள் கப்பல்களின் அடிப்பாரம் பல சமயம் செங்கல். வந்து சேர்ந்த ஊரில் அது சுவராகிவிடும். நம் நெசவாளர் நெய்த துணி இங்கிருந்து கிழக்குத் தீவுகளுக்குப் போய் ஜாதிக்காயும் கிராம்புமாக மாறும். ஜப்பானிலிருந்து செம்பு வரும். பழவேற்காட்டு நாணயச் சாலையில் காசு அடிப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் கப்பலின் வயிறு நிறைந்திருக்கும்.

இதைப் படித்து மெச்சிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் திரும்புகிறது. அதே கப்பல்களில் பழவேற்காட்டுக் கரையிலிருந்து அடிமைகளும் பட்டேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். பஞ்ச காலத்தில் தங்களையும் குழந்தைகளையும் விற்றவர்கள் அதில் எத்தனையோ பேர். துணி போய்க் கிராம்பு வந்தது. போன மனிதர்கள் வரவில்லை. கணக்குப் புத்தகத்தில் வட்டம் சரியாக மூடியிருக்கலாம். அதற்கு வெளியே யார் நின்றார்கள் என்று கேட்டால்தான் சரித்திரம் பேச ஆரம்பிக்கிறது.

டச்சுக்காரரை விடுங்கள். உள்ளூர்க்காரர்கள் நடத்திய ஒரு வட்டமும் உண்டு. அதில் கப்பலுக்குப் பதில் தோணி. பழவேற்காட்டு ஏரியில் கிளிஞ்சல் ஏராளம். உள்ளே இருந்த பிராணி செத்து மண்ணில் புதைந்த வெற்றோடு அது. அதைத் தோண்டிக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. சென்னைப் பட்டணத்துப் பழைய வீடுகளின் சுவர் கண்ணாடிபோல் மினுங்கியதற்குக் காரணம் இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பும், அதில் சேர்த்து அரைத்த முட்டை வெண்கருவும், வெல்லமும், தயிருந்தான். 1806-ல் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் ஒரு கால்வாய் வெட்டினார். அது பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்த ஜனங்களின் கைகளால் இணைக்கப்பட்டு, 1878-ல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. விறகும் உப்பும் சுண்ணாம்பும் தோணிகளில் பட்டணத்துக்குப் போயின. கிளிஞ்சலின் ஓடு மாளிகையின் சுவரானது. எறிந்த பொருள் என்று அந்த நாளில் எதையும் எளிதில் சொல்லிவிட முடியாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. 2014-ல் காமராஜர் பெயர் சூட்டினார்கள். அது பிறந்ததே நிலக்கரிக்காக. ஒரிஸ்ஸாவின் தால்சேர்ச் சுரங்கத்துக் கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி இங்கே இறங்கி, பட்டை வழியாக ஓடி, அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் கொதிகலனில் விழுகிறது. சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவதால் தூசி தாங்கவில்லை என்று வழக்கு நடந்து, ஹைகோர்ட் உத்தரவின்படி 2011-ல் அங்கே கரி நின்றபோது, அந்தச் சரக்கும் எண்ணூருக்கே வந்தது. ராயபுரத்து ஜனங்கள் மூச்சு விட்டார்கள். தூசி ஒழிந்துவிடவில்லை, விலாசம் மாறிற்று.

இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு சாம்பல். 60,000 டன் கரியோடு ஒரு கப்பல் வந்தால், மின்சாரம் கம்பி வழியே பட்டணத்துக்குப் போய்விடும். 21,000 முதல் 24,000 டன் சாம்பல் இங்கே தங்கிவிடும். 20 டன் லாரியில் ஏற்றினால் ஆயிரம் லாரிக்கு மேல். அது ஒரே ஒரு கப்பலின் கணக்கு. இப்படி வருஷக்கணக்காக வந்த சாம்பல் தண்ணீரில் கரைந்து, குழாய் வழியே சேப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய குட்டைக்குப் போயிற்று. நான் சொல்வது கிரிக்கெட் மைதானம் உள்ள சேப்பாக்கம் அல்ல. மீஞ்சூருக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒன்று இருப்பது பட்டணத்துக்காரர் அநேகருக்குத் தெரியாது. குழாய் உடைந்த இடங்களில் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியில் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் இருந்த இடம் சாம்பல் திட்டாயிற்று. வழக்கு நடந்து, 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கழியைச் சீர்செய்ய உத்தரவு போட்டது.

கரியை இறக்கிய கப்பல் எப்படித் திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். வெறுமனே திரும்புகிறது. கல்லும் செங்கல்லும் ஏற்றிய காலம் போய்விட்டது. இப்போது அடிப்பாரம் கடல் தண்ணீர். ஒரு துறையில் உறிஞ்சி, இன்னொரு துறையில் கொட்டுகிறார்கள். செங்கல் வந்தால் சுவராகும். தண்ணீரோடு வருவது உயிருள்ள சரக்கு. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒருவகைக் கருஞ்சிப்பி உலகக் கப்பல்களோடு பிரயாணம் செய்து கேரளத்து அஷ்டமுடிக் காயலில் பரவி, எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் புகுந்துவிட்டது. நம் மீனவர்கள் அதற்குக் 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கழியின் தரையில் அது பாய் விரித்தாற்போல் படர்கிறது. இறாலுக்குப் புதைய மண் கிடைப்பதில்லை. சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடித்து ஜீவிக்கும் இருளர்களின் விரலில் இப்போது தட்டுப்படுவது அந்தச் சிப்பிதான். அடிப்பாரத் தண்ணீரைச் சுத்தம் செய்தே கொட்டவேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 2004-ல் எழுதப்பட்டு 2017-ல் அமலுக்கு வந்தது. எழுதவும் அமலாக்கவும் இடையே 13 வருஷம். சிப்பி அத்தனை நாள் காத்திருக்குமா?

இதே வட்டாரத்தில் தானாகவே சுற்றும் சக்கரம் ஒன்றும் இருக்கிறது. ரயிலில் பொன்னேரி தாண்டிப் போனால் கும்மிடிப்பூண்டி. அங்குள்ள உருக்காலைகளின் மின் உலைகளில் பழைய இரும்பு வேகிறது. உள்ளூர்க் காயலான் கடைச் சரக்கோடு, துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பழைய இரும்பும் சேர்ந்து வேகிறது. ஒரு டன் பழைய இரும்பை உருக்கினால் சுமார் 1.4 டன் இரும்புக் கனி பூமியிலேயே மிச்சமாகிறது. எங்கோ ஓடித் தேய்ந்த மோட்டார் வண்டி, கம்பியாகி நம் வீட்டு மாடியைத் தாங்குகிறது. இதற்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. பழைய இரும்புக்கு விலை உண்டு. ஆகவே அது தானே நடந்து வருகிறது. சாம்பலுக்கு விலை இல்லை. ஆகவே விழுந்த இடத்திலேயே கிடந்தது.

சாம்பலுக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிமெண்டு மூட்டையில் பி.பி.சி. என்று அச்சிட்டிருந்தால், அதில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு அனல்மின் சாம்பல் இருக்கலாம். நடு எழுத்துக்கு மூலம் பொஸுவோலி என்ற ஊர். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே உள்ள பழைய துறைமுகம் அது. அந்தப் பக்கத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் கடல் நீருக்குள்ளேயே இறுகும் என்று ரோமானியர் கண்டுகொண்டார்கள். 2,000 வருஷங்களுக்கு முன் ஏரோது மன்னன் பாலஸ்தீனக் கரையில் செசரியாத் துறைமுகத்தைக் கட்டியபோது, அந்தச் சாம்பல் மத்தியதரைக் கடலைக் கடந்து கப்பலில் போயிற்று. சாம்பலுக்குக் கப்பல் பிரயாணம் புதிதல்ல.

பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரர்களின் சொந்த நாட்டில் இன்று என்ன செய்கிறார்கள்? ராட்டர்டாம் துறைமுகத்தில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெளிவிடும் கரியமில வாயுவை, உபயோகமற்றுக் கிடந்த ஒரு பழைய எண்ணெய்க் குழாய் வழியாகவே, 2005 முதல் பக்கத்துக் கண்ணாடித் தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். செடிகள் அதைத் தின்று வளர்கின்றன. புகையும் பழையது, குழாயும் பழையது, விளைச்சல் புதியது.

நம் நாட்டிலும் சட்டம் வராமல் இல்லை. அனல்மின் சாம்பலை உபயோகிக்கவேண்டும் என்ற முதல் உத்தரவு 1999-ல் வந்தது. 2021 டிசம்பர் உத்தரவு, முழுச் சாம்பலையும் உபயோகிக்கவேண்டும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் கட்டவேண்டும் என்கிறது. விலை இல்லாத பொருளுக்கு அபராதமாவது ஒரு விலையாக வந்திருக்கிறது. கரி தோண்டி எடுத்த பள்ளங்களைச் சாம்பலால் நிரப்பவும் அதே சட்டம் இடம் தருகிறது. இங்கேதான் எனக்கு ஒரு யோசனை. ஒரிஸ்ஸாவில் பள்ளம் இருக்கிறது. எண்ணூரில் சாம்பல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வெறுமனே திரும்பும் கப்பல் இருக்கிறது. சாம்பல் பறக்கும், தளவாடம் வேறு வேண்டும், செலவு கட்டுபடியாகாது, பள்ளத்தருகே உள்ள கிணறுகள் கெடாமல் பார்க்கவேண்டும் என்று பொறியாளர்கள் பத்துக் காரணம் சொல்லக்கூடும். நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் செலவு யாருக்குக் கட்டுபடியாகாது என்று சேப்பாக்கத்துக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடவேண்டும்.

துறைமுகக் கணக்கில் இறக்குமதி என்று ஒரு பத்தி, ஏற்றுமதி என்று ஒரு பத்தி. இரண்டிலும் சேராமல் ஊரில் தங்கிவிட்டது எவ்வளவு என்று மூன்றாவது பத்தி ஒன்று எழுதவேண்டும். அந்தப் பத்தி குறைந்துகொண்டு வந்தால், வட்டம் சுற்றுகிறது என்று மீஞ்சூர்க்காரர்கள் நம்புவார்கள். அதுவரையில் சாம்பல் லாரி போகும்போது அவர்கள் தலைத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையோரம் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும்.