சின்னத் துளையின் பெரிய கதை



"லேப்ராஸ்கோபிதான் சார், சின்ன ஓட்டை" என்று இப்போது எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த ஓட்டைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1901இல் ஜெர்மனியின் கெயோர்க் கெல்லிங், ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பிக் குழாய்க் கருவியால் உள்ளே பார்த்தார். 1910இல் சுவீடனின் யாக்கோபேயஸ் இம்முறையை மனிதரிடம் பயன்படுத்தி எழுதினார். 1980இல் கீல் நகர மகளிர் மருத்துவர் குர்ட் செம் இவ்வழியில் குடல்வாலை அகற்றினார். 1985இல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார். இருவருக்கும் முதலில் கிடைத்தது ஏளனமே. மூஹேயை ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்கம் கௌரவித்தது 1992இல்தான். இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா இப்படிப் பித்தப்பையை அகற்றினார்.

நீண்ட வெட்டுக்காயத்தில் சீழ் பிடிப்பதும், பின்னாளில் குடலிறக்கம் வருவதும் அதிகம். துளை அவற்றைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. தோலில் தழும்பு சிறிதானாலும், அடியில் தசையுறையிலும் ஓட்டை இருக்கிறது. பெரியவர்களுக்கு 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட துளை என்றால் உள்ளேயும் தையல் போடுவது அதனால்தான். தொப்புள் அருகே இருமும்போது புடைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று நம் நாட்டு மருத்துவர்கள் அடிக்கடி எழுதியிருப்பது. காயம் நன்றாக ஆறி, ஒரு மாதம் கழித்து அந்த இடத்தில் கட்டி தோன்றும், நீர் கசியும். காரணம், தண்ணீரில் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு வகைக் கிருமி. நுண்ணிய மூட்டுகளும் மின்காப்பு உறையும் கொண்ட கருவிகள் பல கொதிநீராவியைத் தாங்காது. ரசாயனத்தில் ஊறவைத்து, பிறகு அலசுவார்கள். அலசும் நீர் கிருமி நீக்கப்படாதது என்றால் செய்த வேலை வீண். வழக்கமான ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு இது பெரும்பாலும் அடங்காது. சரியான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிவரும்.

1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு சொல்லிக்கொடுத்த பாடம் இதுவே. வெட்டு சுருங்கியது, சுத்தத்தின் விதி சுருங்கவில்லை.

ஆகவே, சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல், கூடிவரும் வலி எது வந்தாலும் கடையில் களிம்பு வாங்கித் தடவாதீர்கள். ஆறிய தழும்பு மாதம் கழித்துக் கசிந்தால், அறுவை செய்தவரிடமே போய், "சீழைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.